கொடையில் வில்லுப்பாட்டு கேட்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஊர் கொடைதான், அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கோயில் திருவிழா. சென்னை, பெங்களூர், துபாய் என்று போனவர்களெல்லாம் கோயில் வரியைக் கட்டிவிட்டு இரண்டு நாள் லீவில் வந்து இறங்குகிறார்கள். பந்தலில் வில்லு நடக்கிறது. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியலை" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களும், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த மருமக்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

வில்லுப்பாட்டுன்னா என்ன? வில்லை அடிச்சுக்கிட்டுப் பாடுறதுதானா?

வில் இல்லாமல் பாட்டு இல்லை, ஆனால் வில் மட்டுமே பாட்டும் இல்லை. கிட்டத்தட்ட பத்தடி நீளத்துக்கு ஒரு வில். வைரம் பாய்ந்த பனையிலோ மூங்கிலிலோ செய்வது வழக்கம். தோல் வாரை முறுக்கி நாண் கட்டி, வரிசையாக வெண்கல மணிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். வில்லின் வளைவு கீழே, நாண் மேலே. வளைவின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தில் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடம் உருளாமல் இருக்க அடியில் வைக்கோல் பிரிமணை. பாடுகிறவர் இரண்டு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடிப்பார். அந்தக் கோலிலும் சலங்கை உண்டு.

குடக்காரர் ஒரு கையில் பாளையில் செய்த, பத்தி என்கிற தட்டையை வைத்துக் குடத்தின் வாயை அடிப்பார், மறு கையில் இருக்கிற காசால் குடத்தின் பக்கத்தில் தட்டுவார். வாயில் அடித்தால் வயிற்றிலிருந்து எழும்பும் கனத்த சத்தம், காசு பட்டால் கணீர். இவை போக உடுக்கு, ஜால்ரா, கட்டை. இப்போது பல செட்டுகளில், அதாவது பாட்டுக் குழுக்களில், ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்துவிட்டன. முதல் தடவை கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் குடத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தாளம் அங்கேதான் இருக்கிறது.

நடுவுல இருக்கவரு ஒரு வரி பாடுதாரு, பக்கத்துல உள்ளவங்க அதையே திரும்பப் பாடுதாங்க. எதுக்கு இழுக்காங்க?

இழுப்பது இல்லை. நடுவில் இருப்பவர் புலவர். அண்ணாவி என்றும் சொல்வார்கள். இவர் தரப்பு வலத்தே பாடுவது, எதிர்த் தரப்பு இடத்தே பாடுவது. புலவர் மனப்பாடமான ஏட்டை அப்படியே ஒப்பிப்பதில்லை. கதையும் மெட்டும் கையில் இருக்கும். வரிகளில் பாதி அங்கேயே பிறக்கும். இடத்தே பாடுகிறவர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடுகிற சில நொடிகளில் அவர் அடுத்த வரியைக் கட்டிக்கொள்வார். நமக்கும் முதல் தடவையில் தவறவிட்ட சொல் இரண்டாம் தடவையில் கிடைத்துவிடும்.

பாட்டுக்கு நடுவே வசனம் வரும். அப்போது பக்கத்திலிருப்பவர் "ஆமா", "பொறவு?", "அப்படியா சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நல்ல ஆமாக்காரர் நம் சந்தேகத்தை நமக்கு முன்னால் கேட்டுவிடுவார். மோசமானவர் எல்லாவற்றுக்கும் ஒரே "ஆமா". ஒரு செட்டின் தரத்தை ஐந்து நிமிடத்தில் எடைபோட வேண்டுமானால் புலவரைப் பார்க்காதீர்கள், இவரைப் பாருங்கள்.

எப்ப வந்தா நல்லா கேக்கலாம்? ராத்திரி பூரா முழிக்க முடியாதுல்லா?

அம்மன் கோயில்களில் பெரும்பாலும் செவ்வாய்க் கொடை, மாடன் கோயில்களில் வெள்ளிக் கொடை. முந்தின நாள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, அன்று நள்ளிரவு சாமக்கொடை. மூன்று வேளையும் வில்லு உண்டு, ஆனால் மூன்றும் ஒன்று போல இருக்காது.

குடியழைப்பு இரவில் அவசரம் கிடையாது. கதை நிதானமாக நடக்கும், நகைச்சுவையும் கிளைக்கதையும் தாராளம். கதை கேட்க வருகிறவர்களுக்கு இதுதான் வேளை. எட்டரை, ஒன்பது மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போகலாம். மதியக்கொடையில் வெயிலும் கூட்டமும் பூசையுமாகக் கதை துண்டு துண்டாகிவிடும். சாமக்கொடையில் பாட்டின் வேகமே வேறு. அதற்கு வர நினைத்தால் மத்தியானம் தூங்கிவிட்டு வாருங்கள்.

முன்னுக்க என்னமோ சாமி பேராச் சொல்லிக்கிட்டே இருக்காங்களே, கதை எப்ப ஆரம்பிக்கும்?

ஏழு படி இருக்கிறது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, கடைசியில் வாழி. காப்பில் பிள்ளையாரையும் மற்ற தெய்வங்களையும் கூப்பிடுவார்கள். வருபொருளில் இன்று என்ன கதை என்று தெரிந்துவிடும், அதைக் கவனித்துக்கொண்டால் பிற்பாடு தடுமாற வேண்டாம். குருவடியில் ஆசானை வணங்குவது. அவையடக்கம் என்பது "பிழை பொறுக்க வேணும்" என்று சபையைக் கும்பிடுவது.

நாட்டுவளத்தைத் தாண்டிப்போக நினைக்காதீர்கள். ஆறு, வயல், பனங்காடு, சந்தை என்று கதை நடக்கிற சீமையை அங்கே விரித்துப் போடுவார்கள். தேர்ந்த புலவர் இதற்குள்ளேயே கொடை நடக்கிற ஊரின் குளத்தையும் மடையையும் நைசாகச் சேர்த்துவிடுவார்.

எனக்கு ஒரு கதையும் தெரியாது. எதுல ஆரம்பிக்கட்டும்?

முத்துப்பட்டன் கதை. ஒரே ஆளைப் பின்தொடர்ந்து போகலாம், காதல் உண்டு, சண்டை உண்டு, முடிவு நெஞ்சில் அடிக்கும். சுருக்கம் இதுதான். பிராமணக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை பட்டன். அண்ணன்மாரோடு பிணங்கி, கொட்டாரக்கரை ராசாவிடம் சேவகத்துக்குப் போகிறான். அண்ணன்மார் திருப்பி அழைத்துவரும் வழியில், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை பாடுகிற குரல் கேட்கிறது. செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் அவர்கள். பெண் கேட்டுப் போகிறான் பட்டன். குடுமியும் பூணூலும் போக வேண்டும், செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும் என்கிறார் பகடை. செய்கிறான். கல்யாணமான சூட்டோடு மாடு கவர வந்த கூட்டத்தோடு சண்டை. ஜெயித்துவிட்டு ஆற்றில் இறங்கியவனை ஒளிந்திருந்த ஒருவன் குத்திக் கொல்கிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் இவருக்குச் சன்னதி இருக்கிறது, பொம்மக்கா திம்மக்காவோடு. காணிக்கை தோல்செருப்பு. கதையைக் கேட்ட பிறகு ஆடி அமாவாசைக்கு அங்கே போனால் அந்தச் செருப்பு வேறு மாதிரித் தெரியும்.

சுடலைமாடன் கதை கேட்டேன். ஊர் ஊராப் போய்க்கிட்டே இருக்காரு, தலையும் புரியலை வாலும் புரியலை.

மூன்று கண்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கயிலாயத்தில் பார்வதி விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை எடுப்பதும், அந்தப் பிள்ளை ராத்திரியில் எழுந்துபோய்ச் சுடுகாட்டில் பிணம் தின்பதும், வரம் வாங்கிப் பூலோகம் இறங்குவதும். இரண்டு, மலையாளக் கரையில் கொட்டாரக்கரைப் பகவதி கோயில் புதையலுக்குக் காவல் நிற்பது. மூன்று, மந்திரவாதி காளிப்புலையனோடு மோதல். அவன் மகள் மாவிசக்கியை மாடன் பலி கேட்கும் இடம்தான் கதையின் உச்சி.

அதற்குப் பிறகு வருகிற ஊர்ப் பட்டியல்தான் உங்களைக் குழப்பியிருக்கும். சீவலப்பேரி, ஆறுமுகமங்கலம் என்று மாடன் நிலைகொண்ட இடங்கள் வரும். கடைசியில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற பந்தலின் கோயில் வரும். மாடனை அந்தப் பீடத்துக்கு நடத்திக் கொண்டுவந்து சேர்ப்பது புலவரின் கடமை. அதனால் சுடலை கதைக்கு ஊருக்கு ஒரு முடிவு உண்டு. அந்த இடத்தில் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் நடந்ததா, கட்டுக்கதையா?

இரண்டு வகை இருக்கிறது. கயிலாயத்தில் பிறந்து வருகிற தெய்வங்களின் கதை ஒன்று. சுடலையும் முத்தாரம்மனும் அதில் சேர்த்தி. மற்றது, மனிதராகப் பிறந்து அநியாயமாகவோ அகாலத்திலோ செத்து, சாந்தி இல்லாமல் வாதையாகி, அதாவது அலையும் ஆவியாகி, பிறகு பீடம் வாங்கியவர்களின் கதை. முத்துப்பட்டன் அந்த வகை, சின்னத்தம்பியும் அப்படியே. இரண்டாம் வகையில் ஊரும் வழியும் ஆறும் நிஜமாக இருக்கும்; கொலைக்குப் பின்னால் ஒரு பழைய சண்டையும் இருந்திருக்கலாம். அதன் மேல் மாயம் ஏறியிருக்கும்.

மாயத்தைக் கழித்துவிட்டுக் கேட்க முயன்றால் நஷ்டம் நமக்குத்தான். நீலி கதையில், செட்டி ஒருவனைப் பழிவாங்கப் பெண் உருவில் வரும் பேய் நீலி, கள்ளிக்கொப்பை ஒடித்து இடுப்பில் வைத்ததும் அது குழந்தையாகிவிடுகிறது. அந்தக் குழந்தை எதிரில் நிற்கும் அந்தச் செட்டியைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர்ச்சபை குழந்தையை நம்புகிறது. பஞ்சாயத்தில் பொய் எப்படி மெய்யாகிறது என்பதை இதைவிடக் கச்சிதமாகக் காட்ட முடியுமா? நிகழ்ச்சிதான் கற்பனை, அதிலுள்ள பயம் கற்பனை இல்லை.

நல்லாப் போய்க்கிட்டிருந்த கதைய டக்குனு நிறுத்திட்டு மேளத்தை அடிக்க விட்டுட்டாங்க. ஏன்?

பாட்டுக்காரர் கையில் இருக்கிற கடிகாரம் கோயிலுடையது. அலங்காரம் முடிந்து திரை விலகினால் தீபாராதனை. அப்போது நையாண்டி மேளம்தான் முன்னால். வில்லு அடங்கி வழிவிடும். இடைவெளி எவ்வளவு நீளும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

அடங்குவதோடு முடிவதில்லை. சாமியாடி எழும்ப வேண்டிய நேரம் நெருங்கும்போது புலவர் கதையை அந்தத் தெய்வம் பிறக்கிற இடத்துக்கோ, வெட்டுப்படுகிற இடத்துக்கோ கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். அங்கிருந்து வரத்துப் பாட்டு, அதாவது சாமியை வரவழைக்கும் பாட்டு. வசனம் நின்றுவிடும், அடி இறுகும், வரி குறுகும், குடம் இரட்டிக்கும். பூசை முந்திக்கொண்டால் நடுவில் உள்ள நாட்டுவளம், கல்யாணச் சடங்கு, அழகு வர்ணனை எல்லாவற்றையும் தாண்டி ஓடுவார். பூசை பிந்தினால் ஒரு சமையல் வர்ணனையிலேயே அரைமணி நேரம் ஓட்டுவார். போன வருஷம் கேட்ட கதை இந்த வருஷம் சுருங்கிப்போச்சு என்று குறைப்படுகிறவர்கள் முதலில் கோயில் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

சாமியாடுறவங்க நடிக்காங்களா?

பந்தலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை உரக்கக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். சாமியாடிக்கு அது விரதமிருந்து ஏற்கிற முறை. ரசிக்க வந்தவருக்கு வேண்டியது இவ்வளவு: எந்த வரியில் அவர் உடம்பு சிலிர்க்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அது ஒவ்வொரு வருஷமும் கதையின் அதே இடமாகத்தான் இருக்கும். மாடன் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குப் புறப்படும்போது வழியில் நிற்காமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பின்னால் போகலாமா என்பதை ஊர்ப் பெரியவரிடம் முன்னமே கேட்டுவிடுங்கள். பல ஊர்களில் போகக் கூடாது.

பாட்டு வார்த்தை ஒண்ணுமே வெளங்கலை, இரைச்சல்தான் கேக்கு.

குற்றம் பாட்டில் இல்லை, மைக் செட்டில். மணி, ஜால்ரா, சலங்கை மூன்றும் கூர்மையான சத்தம். அதே இடத்தில்தான் 'ச', 'த', 'ட' போன்ற எழுத்துகளின் தெளிவும் இருக்கிறது. ட்ரெபிளை ஏற்றிவிட்டால் மணி சொல்லை விழுங்கிவிடும். குடத்துக்கு மைக்கை ஒட்டி வைத்தால் கனத்த அடி எல்லாவற்றையும் மூடும். இவற்றை விடப் பெரிய எதிரி எக்கோ. வசனம் வேகமாக வருகிற கலையில் எக்கோ வைத்தால், முந்தின சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து இடிக்கிறது. ஆனாலும் "கணீர்னு இருக்கணும்" என்று அதைத்தான் கூட்டுகிறார்கள்.

விழாக் கமிட்டியில் இருந்தால் இதைச் செய்யுங்கள். புலவருக்கு ஒன்று, இடத்தே பாடுகிறவர்களுக்கு ஒன்று, குடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒன்று, ஆக மூன்று மைக் போதும். மணிக்கும் ஜால்ராவுக்கும் தனி மைக் வேண்டவே வேண்டாம். எக்கோவை முழுக்க அணையுங்கள். குழாய் ஸ்பீக்கர் தெருவோடு போகட்டும், பந்தலுக்குள் திருப்ப வேண்டாம். கேட்க வந்தவராக மட்டும் இருந்தால், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் உட்காராமல் மேடைக்கு நேரே பத்துப் பதினைந்தடியில் தரையில் உட்காருங்கள். அங்கே குடத்தின் நேரடிச் சத்தமே வந்துவிடும்.

நடுச்சாமத்துக்கு மேல் சத்தம் மந்தமானால் அதற்குக் காரணம் பனி. தோல் நாண் ஈரம் வாங்கித் தளரும், உடுக்குத் தோலும் தொய்ந்து "டொப்" என்று விழும். நாணை இழுத்துக் கட்டவும் தோலைக் காயவைக்கவும் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். குடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் கணீர் போய்ச் சரசரப்பு வந்துவிடும். அதற்காகவே செட்டுக்காரர்கள் இன்னொரு குடத்தையும் கொண்டுவந்திருப்பார்கள்.

வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் ஒண்ணுதானா?

இல்லை. கணியான் கூத்தில் வில்லும் குடமும் கிடையாது; மகுடம் என்கிற தோல்கருவி இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலை நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். அண்ணாவி நின்றுகொண்டு பாடுவார், பெண்வேடமிட்ட ஆண்கள் இருவர் ஆடுவார்கள். கணியான் சமூகத்தினர் பரம்பரையாகச் செய்வது. சுடலை கோயில்களில் இவர்களுக்கென்று சடங்குப் பொறுப்பும் உண்டு. ஒரே கொடையில் இரண்டும் இருந்தால் கூத்தை நின்று பாருங்கள், வில்லை உட்கார்ந்து கேளுங்கள். கூத்தில் கால் பேசும், உட்கார்ந்தால் மறைந்துவிடும்.

டிவியில காந்தி கதை, சேமிப்புக் கதைன்னு வில்லு போடுதாங்களே, அது அசலா?

அது மேடை வில்லு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதைக் கோயில் பந்தலிலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். நம்ம சத்திரப்புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் மறைந்தார். அங்கே ஒரு மணி நேரம், ஒரு கருத்து, நிறையச் சிரிப்பு. பூசைக்கு வழிவிட வேண்டிய அவசியம் இல்லை, வரத்து இல்லை. கலை அசல்தான், வேலை வேறு. மேடை வில்லைக் கேட்டுப் பழகியவர்கள் கொடைக்கு வந்து "ஜோக்கே இல்லையே" என்று சலித்துக்கொள்வதுதான் சரியில்லை.

பொம்பளைங்க பாடலாமா?

பாடுகிறார்கள், பல காலமாக. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி வீசுகோல் எடுத்தால் தெற்கத்திக் கொடைகளில் தனிக் கூட்டம். அவர் 2018இல் மறைந்தார். இன்று பெண்கள் தலைமையேற்கும் செட்டுகளை நெல்லைப் பக்கம் கொடைக்குக் கொடை பார்க்கலாம்.

முத்துப்பட்டன் கதைய ரெண்டு ஊர்ல கேட்டேன். ஒரு ஊர்ல அந்தப் பிள்ளைக பகடை மக்க, இன்னொரு ஊர்ல ஐயர் மக்க. எது சரி?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சில பாடங்களில், அதாவது கதை பாடப்படும் சில வடிவங்களில், அவர்கள் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முன்கதை வரும். சாதி மாறிய கல்யாணத்தை விழுங்க முடியாதவர்கள் பிற்பாடு செருகியது அது என்று நாட்டார் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த நாங்குநேரி நா. வானமாமலை (1917–1980) எழுதினார். அதை மறுப்பதற்குக் காரணம் இல்லை. முன்கதையைச் சேர்த்தால் பட்டன் பூணூலைக் கழற்றியதற்கும் செருப்புத் தைத்ததற்கும் எடையே இல்லாமல் போகிறது. கதையே தன் மேல் ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் பந்தலில் எழுந்து "இது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த ஊரில், யாருடைய கோயிலில் எந்தப் பாடம் பாடப்படுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்பிலேயே பாதி விடை இருக்கும்.

புத்தகமா அச்சுல வந்திருக்கே, படிச்சாப் போதாதா?

கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை படிப்பது நல்லது, கேட்டதற்குப் பதிலாகப் படிப்பது வீண். அச்சில் ஒரே செய்தி நாலு வரிக்கு நீளும், மனசுக்குள் படித்தால் சலிக்கும். வாய்விட்டு, தொடையில் தாளம் தட்டிப் படியுங்கள். எந்த வரியில் குடம் மாறும் என்று தானாகத் தெரியும். ஆமாக்காரரின் கேள்விகளும் அந்தந்த இரவில் பிறந்த வரிகளும் பல பதிப்புகளில் இருக்காது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு இருபது நிமிஷ வில்லு போடணும். எப்படிச் செய்யட்டும்?

ஆறு பிள்ளைகள் போதும்: புலவர், ஆமாக்காரர், குடம், உடுக்கு, ஜால்ரா, பின்பாட்டு. ஏழெட்டு அடி மூங்கிலை வளைத்து முறுக்குக் கயிறு கட்டுங்கள், சலங்கைகளைக் கம்பியால் கோத்துத் தொங்கவிடுங்கள். பச்சை மூங்கில் காயக் காயக் கயிறு தளரும். அதனால் ஒரு வாரம் முன்பே வளைத்துக் கட்டி வைத்து, விழாவன்று காலையில் இறுக்குங்கள். குடம் புதுசாகவும் நன்றாக வெந்ததாகவும் இருக்கட்டும். பத்திக்குப் பதில் ரப்பர் செருப்பை வெட்டித் தட்டினால் சத்தம் வரும். அழகு வராவிட்டாலும் ஒத்திகைக்கு ஆகும்.

எட்டு வரிப் பாட்டு ஆறு, நடுவில் வசனம். அதற்கு மேல் எழுதினால் நேரம் ஓடிவிடும். வழக்கமாகச் சொதப்புகிற இடம் ஒன்றுண்டு: எல்லாரும் சேர்ந்து எல்லா வரியையும் பாடிவிடுவார்கள். புலவர் தனியாகச் சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். ஆமாக்காரருக்கும் "ஆமா"வை மட்டும் எழுதிக் கொடுக்காமல் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு உண்மையான கேள்வி எழுதிக் கொடுங்கள்.

போன்ல வீடியோ எடுக்கலாமா?

கதை ஓடும்போது செட்டிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். வரத்து தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், முக்கியமாக பிளாஷை. ஒலி நன்றாக வேண்டுமானால் பாக்ஸ் பக்கம் போகாமல், மேலே மைக் செட் கேள்வியில் சொன்ன இடத்திலேயே போனை வையுங்கள்.

பாட்டுக்காரங்களுக்கு அன்பளிப்பு குடுக்கணும்னா எப்பக் குடுக்க?

நடுக்கதையில் மேடை ஏறி நோட்டைக் குத்தினால் புலவர் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் சொல்லி வாழ்த்தியாக வேண்டும். நீங்கள் கொடுத்து இறங்கினால் உங்கள் மச்சான் ஏறுவார், அவர் இறங்கினால் சித்தப்பா ஏறுவார். பட்டன் ஆற்றங்கரையில் கத்திக்குக் காத்துக்கொண்டு நிற்பான். ஒன்று, காப்புக்கு முன்னால் கொடுங்கள். இல்லாவிட்டால் வாழி பாடும்போது கொடுங்கள். அப்போது எல்லார் பேரையும் சேர்த்துப் பாட இடமிருக்கிறது. குடக்காரருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால், செட்டு சாமான் கட்டும்போது நேரில் போய்க் கையில் கொடுங்கள்.